ஆன்டியோக்கியா மலைநாட்டு மறதி நோய்

தென் அமெரிக்காவின் கொலம்பியா தேசத்தில், ஆண்டிஸ் மலைத்தொடரின் மடிப்புகளில் ஒதுங்கிக் கிடந்த ஆன்டியோக்கியா மாகாணத்துக் கிராமங்களில், திடகாத்திரமாக உழைத்துவந்த ஆண்களும் பெண்களும் 40 வயதைக் கடந்ததும் சிறிது சிறிதாக ஞாபகம் தப்பி, பெற்ற மக்களையே அறியாதவர்களாகி, முதுமையைக் காணாமலே மாண்டுபோவது தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்துவந்தது. ‘போபேரா’ என்று அவ்வூரார் சொல்லிய இந்த வியாதி, ஒரு மரத்தின் பட்டையைத் தீண்டியதால் வந்தது என்பார் சிலர். காணிக்கைப் பணம் களவுபோக, மனம் நொந்த பாதிரியார் இட்ட சாபம் என்பார் வேறு சிலர். காரணம் பிழையாயினும், அது வம்சத்தைத் தொடர்வது என்று அவர்கள் கண்டது முற்றிலும் மெய்.

அம்மலைநாட்டு யாருமாலில் வளர்ந்த பிரான்சிஸ்கோ லோபேரா என்னும் மருத்துவர், 1980-களின் தொடக்கத்தில், மெதெயின் நகரத்தில் 47 வயதுக் குடியானவர் ஒருவரைப் பரிசோதித்து, அவருடைய தந்தைக்கும் பாட்டனாருக்கும் இதே கதி நேர்ந்ததைக் கேட்டறிந்த பின், ஊர் ஊராகச் சென்று வம்சாவளிகளைத் திரட்டத் தலைப்பட்டார். அப்பணியில் அவருக்குப் பெருந்துணையாக வாய்த்தவை மாதாகோயில் பதிவேடுகள். ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றைக் குருமார் எழுதிவைத்த அந்த ஏடுகளின் வழியே பின்னோக்கிச் சென்றபோது, தனித்தனியே நின்ற குடும்பங்கள் 18-ஆம் நூற்றாண்டின் ஒரே மூலத்தில் சென்று கூடின. லோபேரா இவ்வாறு வம்சாவளி திரட்டிய காலத்தில் அப்பிரதேசம் கெரில்லாப் படைகளின் சஞ்சாரத்தால் நிம்மதியிழந்திருந்தது. இரத்த மாதிரி சேகரிக்கச் சென்ற தாதி ஒருவர் சில நாள் சிறைப்பிடிக்கப்பட்டதும் உண்டு.

1995-ல் 14-ஆம் குரோமோசோமிலுள்ள பிரெசெனிலின்-1 என்னும் மரபணு கண்டறியப்பட்டதும் சாபத்தின் மர்மம் விலகிற்று. அம்மரபணு ஆக்கும் புரதத்தில் 280-ஆம் இடத்தில் நேர்ந்திருந்த ஒரேயொரு மாற்றமே காரணம். பெற்றோரில் ஒருவரிடம் அஃதிருந்தால் பிள்ளைக்கு அது வந்துசேரும் வாய்ப்பு சரிபாதி. பிற்பாடு, யாதொரு குறையுமின்றி நடமாடிய இளைஞர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, மாற்றத்தை உடையவர்களிடம் 20 வயதுக்கு மேற்பட்ட பருவத்திலேயே அமைப்பிலும் இயக்கத்திலும் பேதங்கள் தென்பட்டன. அமிலாய்டு என்னும் புரதத்தின் படிவு 28 வயதளவில் தொடங்குவதாகக் கணிக்கப்பட்டது.

விஞ்ஞான நூல்கள் ஆராய்ச்சியாளரையே முன்நிறுத்துகின்றன. நானோ அக்குடும்பத்தாரையே முதலில் வணங்குவேன். தம் விதி இன்னதென்று தமக்குத் தெரிவிக்கப்படாமலே அவர்கள் பரிசோதனைக்கு உடன்பட்டார்கள். 2013-ல் தொடங்கிய கிரெனெசுமாப் மருந்துச் சோதனையில் சேர்ந்த 252 பேரில், மாற்றம் இல்லாதவர்களும் பலர். யாரிடம் அது உண்டு என்பது வெளிப்படாதிருக்கும் பொருட்டு, அவர்கள் பல ஆண்டுகள் வெற்று மருந்தை ஏற்று வந்தனர். 2022-ல் அம்மருந்து போதிய பலன் தரவில்லை என்று அறிவிக்கப்பட்டபோது அக்குடும்பத்தார் அடைந்திருக்கக்கூடிய ஏமாற்றத்தை எண்ண நெஞ்சு கனக்கிறது.

ஆயினும் அதே வம்சத்து மூதாட்டி ஒருவர், அந்த மாற்றத்தைத் தாங்கியிருந்தும், 70 வயதைக் கடக்கும்வரை ஞாபகசக்தி குன்றாமல் வாழ்ந்திருந்தார். ஏபிஓஇ மரபணுவில் கிரைஸ்ட்சர்ச் என்னும் அபூர்வ வகையை அவர் தாய்வழியிலும் தந்தைவழியிலும் பெற்றிருந்தார் என்பது 2019-ல் வெளியாயிற்று. அவருடைய மூளையில் அமிலாய்டு மிகுந்திருந்தும், நரம்பணுக்களைச் சிதைக்கும் டௌ புரதம் அதற்கேற்பப் பரவவில்லை. 2020-ல் அவர் காலமானபின் குடும்பத்தார் அம்மூளையை ஆராய்ச்சிக்கே அளித்தனர். நோயைத் தடுக்கும் வழியைத் தேடுவோர் இன்று அந்த அபூர்வ வகையின் செயலைப் பின்பற்றும் மருந்துகளை உருவாக்க முயன்றுவருகின்றனர்.