காலிமுகத்திடல்: ஒரு பொதுவெளியின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கொழும்பு மாநகருக்கு வருவோர் கண்டு செல்ல வேண்டிய இடங்கள் எனக் கைந்நூல்கள் தரும் பட்டியல்களில் நூதனசாலை, விகாரமகாதேவிப் பூங்கா, புறக்கோட்டைக் கடைவீதி, காலிமுகத்திடல் ஆகியன தவறாது இடம்பெறும். இவ்விடங்களைப் பற்றி அந்நூல்கள் கூறுவன பெரும்பாலும் கட்டுவித்த தேசாதிபதியின் பெயர், கட்டடத்தின் பாணி, திறந்திருக்கும் நேரம் என்ற அளவோடு நின்றுவிடும். அவ்விடங்களில் யார் கூடினர், எவ்வுரிமையின் பேரிற் கூடினர், யார் விரட்டப்பட்டனர் என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. ஒரு நகரின் பொதுவெளி என்பது இயற்கையாக அமைந்த ஒன்றன்று. அது வர்க்க, இன உறவுகளின் போக்கிலே உருவாகி, அவ்வுறவுகளாலேயே மாற்றமுறுவது. இக்கட்டுரை காலிமுகத்திடலை மையமாகக் கொண்டு அம்மாற்றங்களுட் சிலவற்றை நோக்க முயல்கிறது.

கொழும்பின் இடப்பெயர்களே அதன் வரலாற்றை ஓரளவு காட்டிக்கொடுத்துவிடுகின்றன. கோட்டைக்கு வெளியே அமைந்தது புறக்கோட்டை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் அடிமைகள் அடைத்து வைக்கப்பட்ட பகுதி ஆங்கிலத்தில் அடிமைத்தீவு எனவும், தமிழிலே கொம்பனித்தெரு எனவும் வழங்கலாயிற்று. ஆங்கிலப் பெயர் அடிமையை நினைவிற் கொள்கிறது. தமிழ்ப் பெயரோ எசமானை மட்டுமே நினைவிற் கொள்கிறது, இது சிந்தனைக்குரியது. கறுவாத்தோட்டம் என்ற பெயர் ஏற்றுமதிப் பயிரொன்றின் எச்சம். நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வட்டித் தொழிலும் பின்னர் நகை வணிகமும் செழித்த தெரு செட்டியார் தெரு ஆயிற்று. காலிமுகம் என்பது கோட்டையின் தென்புறத்தே காலியை நோக்கிய பக்கம் எனப் பொதுவாக விளக்கப்படுகிறது.

1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தருக்கு இத்திடல் உலாவும் இடமாக இருக்கவில்லை. தெற்கிலிருந்து வரும் பகைவர் மறைந்து நெருங்க இயலாதவாறு வெட்டவெளியாக வைக்கப்பட்ட, பீரங்கிக் குண்டுகள் தடையின்றிச் செல்வதற்கான நிலம் அது. 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு வந்த பின்னரும் இராணுவத் தேவை சில காலம் நீடித்தது. ஆயினும் 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்த பின் உள்நாட்டிலிருந்து படையெடுத்து வருவார் எவருமிலர். எனவே குண்டு பாயும் நிலத்தில் குதிரைகள் பாயத் தொடங்கின. தேசாதிபதி எட்வேர்ட் பான்ஸ் காலத்தில் இங்கு குதிரைப் பந்தயம் ஆரம்பமாயிற்று. 1893இல் பந்தயத்திடல் கறுவாத்தோட்டத்திற்கு மாற்றப்படும் வரை அது நீடித்தது. கொல்ப், கிரிக்கெட் முதலிய ஆட்டங்களும் இங்கு இடம்பெற்றன.

கடற்கரையோர நடைபாதையை அமைத்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். 1856இல் தொடங்கி 1859இல் நிறைவுற்ற அப்பாதையில் அவர் பொறித்துவைத்த கல்லொன்று உண்டு. கொழும்பு வாழ் சீமாட்டிகளினதும் சிறுவரினதும் நலன் கருதி இப்பாதையைத் தமக்குப் பின் வருவோர் பேண வேண்டும் என்பது அதன் கருத்து. கைந்நூல்கள் இதனை ஓர் இனிய செய்தியாக எடுத்துக்கூறும். வார்ட் அவர்களின் ஆட்சியையும் சேர்த்து நோக்கினால் அதன் பொருள் வேறாகும். இலங்கைக்கு வருமுன் அயோனியத் தீவுகளின் ஆணையாளராக இருந்து அங்கெழுந்த கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கியவர் இவர். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளரைக் கொணர்வதை அரசே ஒழுங்குசெய்யும் வகையிற் சட்டம் இயற்றப்பட்டதும் இவரது ஆட்சியில், 1858இலேயே. நடைபாதை அமைக்கப்பட்ட அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்ப் பெண்களும் சிறுவரும் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். கொலராவாலும் பட்டினியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். கல்லிற் குறித்த பெண்டிருள் இவர்கள் அடங்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. வார்ட் 1860இல் சென்னைக்குத் தேசாதிபதியாக மாற்றலாகிச் சென்று, சில வாரங்களிலேயே கொலராவால் இறந்தார் என்பதும் வரலாற்றின் ஒரு விந்தை.

1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1885இல் நிறைவெய்திய அலைதடுப்புச் சுவரின் பயனாகக் காலித்துறைமுகத்தின் முதன்மை கொழும்புக்கு மாறிற்று. அதற்கு முன்னரே கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டிருந்தன. 1864இல் தோன்றிய காலிமுக ஹோட்டல், கப்பலிறங்கும் பிரயாணிகளின் தங்குமிடமாயிற்று. இவ்வளர்ச்சியே கொழும்பை ஒரு தொழிலாளர் நகரமாகவும் ஆக்கியது. துறைமுகத் தொழிலாளர், வண்டிக்காரர், புகையிரதத் தொழிலாளர், 1899இல் ஓடத்தொடங்கிய மின் டிராம் வண்டிகளின் தொழிலாளர் எனச் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலையாளிகள் கலந்த ஒரு நகர்ப்புறப் பாட்டாளி வர்க்கம் உருவாயிற்று. துரைமாரின் திடலை இவர்கள் உடனே உரிமைகொண்டாடிவிடவில்லை. அரசியலுக்கு முன்னர் சமயமே அவர்களை அவ்வெளிக்குக் கொணர்ந்தது எனலாம். செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுப் பம்பலப்பிட்டி நோக்கிச் செல்லும் ஆடிவேல் இரதம் காலிமுகத்தைக் கடந்தே செல்வது வழக்கம். தமிழரோடு சிங்களவரும் வீதியோரங்களில் நின்று வேல் பார்த்தனர். 1983 யூலை வன்செயலின் பின் இவ்விழா தடைப்பட்டுப் பின்னரே மீண்டது.

அரசியல் வெளியாகத் திடல் மாறியமைக்கு முன்னோடியாக அமைந்தவை ஏ. ஈ. குணசிங்க அவர்களின் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தங்கள். 1923இன் பொது வேலைநிறுத்தமும் 1929இன் டிராம் வேலைநிறுத்தமும் நகரை நிறுத்திக் காட்டின. அதே குணசிங்க முப்பதுகளின் பொருளாதார நெருக்கடியில் மலையாளித் தொழிலாளருக்கு எதிரான இனவாதத்திற் சென்று விழுந்தார். தொழிற்சங்க இயக்கத்தின் பிற்கால வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இத்தொடக்கத்தை மறந்துவிடலாகாது.

1933இன் சூரியமல் இயக்கத்திலிருந்து வளர்ந்து 1935 டிசம்பரில் அமைப்புருப் பெற்ற லங்கா சமசமாஜக் கட்சி, காலிமுகத்திடலில் தன் வலிமையைக் காட்டிய நாள் 1937 மே 5. மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றிற் பயிற்சி பெற வந்த அவுஸ்திரேலிய இளைஞர் மார்க் அந்தனி பிரேஸ்கேடில், தன் இனத்தவரான துரைமாரை விட்டுத் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் பக்கம் நின்றார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட, அவர் தலைமறைவானார். கொல்வின் ஆர். டி சில்வா தலைமைதாங்கிய அன்றைய கூட்டத்தில், பல்லாயிரவர் முன்னிலையில், தேடப்பட்டவரே மேடையிற் தோன்றிப் பேசினார். சில நாட்களில் உயர்நீதிமன்றம் நாடுகடத்தற் கட்டளை செல்லாதெனத் தீர்த்தது. தோட்டத் தமிழனின் துயரை முன்னிட்டுக் கொழும்பின் சிங்களத் தொழிலாளரும் மத்தியதர வர்க்கத்தினரும் திரண்ட இந்நிகழ்ச்சிக்கு நிகரானதொன்று பின்னர் நடந்ததாகக் கூறுவது கடினம். அன்று பேசியோரில் ஒருவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. இப்பெயரை வாசகர் நினைவிற் கொள்வாராக.

1930இல் திடலின் வடகோடியில் சட்டநிரூபண சபைக்கென எழுந்த தூண்மாளிகை, சுதந்திரத்தின் பின் பாராளுமன்றமாயிற்று. அதனால் திடலில் நிற்பது என்பது ஆட்சியாளரின் கண்முன் நிற்பது என்றாகிவிட்டது. அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டமைக்கு எதிராக 1953 ஆகஸ்ட் 12இல் இடதுசாரிகள் நடாத்திய ஹர்த்தாலின்போது, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஏறியே கூட்டம் கூடியது. சுதந்திரம் பெற்று ஐந்தாண்டுகளே கழிந்திருந்த அரசொன்று பழைய எசமானின் கப்பலில் அடைக்கலம் புகுந்தது.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1956 யூன் 5ஆம் திகதி, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதாவைப் பிரதமர் பண்டாரநாயக்க சபையிற் சமர்ப்பித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் பாராளுமன்றப் படிகளில் அமரச் சென்றனர். பொலிஸார் வழிமறிக்கவே, எதிரேயிருந்த புற்றரையில் அமர்ந்தனர். சில நூறு பேர்; கையில் ஆயுதமில்லை. அவர்களைச் சூழ்ந்த கூட்டம் கல்லெறிந்தது, அடித்தது, உதைத்தது. டாக்டர் ஈ. எம். வி. நாகநாதன் உட்படப் பலர் தாக்கப்பட்டனர். அ. அமிர்தலிங்கம் தலையிற் கட்டுடன் சபைக்குட் சென்றார். பொலிஸார் பார்த்துக்கொண்டிருந்தனர். அன்று திடலில் தொடங்கிய வன்முறை நகரத்துத் தமிழர் கடைகளுக்கும், சில நாட்களிற் கல்லோயாக் குடியேற்றத்திற்கும் பரவிக் கொலைகளில் முடிந்தது.

இவ்விடத்தே நூதனசாலையைப் பற்றி ஒரு வார்த்தை கூறுதல் பொருந்தும். 1877இல் திறக்கப்பட்டதும், வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் கட்டட ஒப்பந்தகாரரால் எழுப்பப்பட்டதுமான அம்மாளிகையில் இன்று ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடையது, 1409ஆம் ஆண்டினது. 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அதன் வாசகம் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் அமைந்துள்ளது. சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தேவுந்துறையிற் கோயில்கொண்ட தெனவரை நாயனாரையும், பாரசீகப்பகுதி அல்லாஹ்வையும் போற்றி, மூவர்க்கும் ஒத்த காணிக்கைகளைக் கூறுகின்றன. சீனப் பேரரசன் இந்நாட்டின்பாற் கொண்ட அன்பினால் மட்டும் இவ்வாறு செய்யவில்லை. வணிக நோக்கும் மேலாதிக்க நோக்கும் அதன் பின்னே இருந்தன. ஆயினும் தென்னிலங்கைத் துறைமுகமொன்றில் யாவர்க்கும் விளங்க எழுதுவதெனில் தமிழும் வேண்டும் என்பது அந்நிய வணிகனுக்கும் தெரிந்திருந்தது. அதே மொழிக்கு இடம் கேட்டவர்கள் தாக்கப்பட்ட புற்றரை, இக்கல் இன்றிருக்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் தூரத்துக்குட்பட்டதே.

1956இல் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அம்மசோதாவை எதிர்த்தே வாக்களித்தனர். அவ்வரலாற்றை எவரும் மறுக்கமுடியாது. ஆனால் 1966 சனவரி 8இல் தமிழ்மொழி உபயோகத்திற்கான பிரமாணங்களை எதிர்த்துக் கொழும்பு வீதிகளில் இறங்கிய ஊர்வலத்தில் அதே கட்சிகளும் இருந்தன. 1937இல் பிரேஸ்கேடிலுக்காகத் தலைமைதாங்கிய கொல்வினே 1972இன் அரசியலமைப்பை ஆக்கியவர். சிங்களத்தின் தனிநிலையையும் பௌத்தத்தின் முதன்மையையும் அவ்வரசியலமைப்பு உறுதிசெய்தது. இதனைத் தனிமனிதரின் துரோகம் என்று மட்டும் கூறி அமைதலும் எளிதான விளக்கமே. பாராளுமன்றப் பெரும்பான்மையை நாடிய ஓர் இயக்கம், வாக்காளரின் இனப்பிரிவை வர்க்கத்தால் வெல்ல முயலாது அதற்கு இயைந்து கொடுத்தமையே மூலகாரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சோவியத் ஒன்றியம் அன்பளிப்பாக வழங்கிய பண்டாரநாயக்க சிலை 1976இல் திடலின் வடபுறத்தே நிறுவப்பட்டது. 1982இற் பாராளுமன்றம் கோட்டேக்குச் சென்றது. பழைய மாளிகை சனாதிபதி செயலகமாயிற்று. வார்டுக்குக் கல்லுண்டு, பண்டாரநாயக்கவுக்குச் சிலையுண்டு. 1937க்கோ 1956க்கோ அங்கு குறியெதுவும் இல்லை.

கோட்டாபய ராஜபக்ஷ தமது ஆட்சியின் தொடக்கத்தில், செயலகத்தின் எதிரே ஆர்ப்பாட்டம் செய்வோருக்கென ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார். 2022 ஏப்ரில் 9இல், எரிபொருளும் எரிவாயுவும் பால்மாவும் இன்றி அலைந்த மக்கள் அதனருகே கூடாரமிட்டு அமர்ந்து, அவரையே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அங்கு நூலகமொன்று எழுந்தது, சமையற்கூடம் எழுந்தது, தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. பண்டாரநாயக்க சிலையின் கண்கள் துணியாற் கட்டப்பட்டன. மே 9இல் அரசின் ஆதரவாளர் தடிகளுடன் வந்து கூடாரங்களைத் தாக்கியபோது பொலிஸார் உரிய வேளையிற் தடுக்கவில்லை. 1956ஐ அறிந்தோர்க்கு அக்காட்சி புதிதாகத் தோன்றியிராது. மே 18இல் முள்ளிவாய்க்காலில் மாண்டோர் அத்திடலில் நினைவுகூரப்பட்டனர். வடக்கு கிழக்குத் தமிழரிற் பலர் இப்போராட்டத்தைச் சற்று விலகி நின்றே நோக்கினர். விலைவாசிக்காக எழுந்த கூட்டம், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்காக ஏன் எழவில்லை என்று அவர்கள் கேட்டனர். கேள்வி நியாயமானது. ஆயினும் தெற்கின் இளைஞர் சிலரேனும் அக்கேள்வியை முதன்முறையாகக் காதிற் கேட்ட இடமும் அதுவே.

யூலை 9இல் சனாதிபதி மாளிகை மக்கள் வசமாயிற்று. கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார். யூலை 22 அதிகாலை இராணுவம் புகுந்து கூடாரங்களைப் பிடுங்கியெறிந்தது. 2023இல் அமைச்சரவை, சில விலக்குகள் நீங்கலாகத் திடலைப் பொதுமக்களின் ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டுமே ஒதுக்குவதென முடிவு செய்தது. இன்று மாலை வேளைகளிற் சிறுவர் பட்டம் விடுகின்றனர். வண்டிகளில் இறால் வடை விற்கப்படுகிறது. 2014 முதல் கடலை நிரப்பி ஆக்கப்பட்ட 269 ஹெக்டெயர் துறைமுக நகர் வடபுறத்துக் கடற்காட்சியை மறைத்து நிற்கிறது. வார்டின் கல் வேண்டியவாறே திடல் மீண்டும் பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் உரியதாக்கப்பட்டிருக்கிறது. 2022இல் அக்கூடாரங்களில் மழையில் நனைந்திருந்தோரிலும் பெண்டிரும் சிறுவரும் இருந்தனர்.