'செகண்ட்' என்றால் இரண்டாவதா, நொடியா? ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வந்தது எப்படி?

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குறோம், செகண்ட் ஷோ போறோம். போனில் 'ஒரு செகண்ட் இருங்க' என்கிறோம். முதல் இரண்டிலும் அது 'இரண்டாவது'. கடைசியில் மட்டும் நேரம். இவை தனித்தனி சொற்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால், இரண்டும் ஒன்றுதான்.

ஆங்கிலச் சொல்லே இல்லை

'த்ரீ'யில் இருந்து 'தேர்ட்', 'ஃபோர்' உடன் 'ஃபோர்த்' என்று வரும் ஆங்கிலத்தில், 'டூ'வுக்கும் 'செகண்ட்'டுக்கும் ஒட்டே இல்லை. காரணம், அது இரவல் சொல். 'பின்தொடர்வது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லான 'செகுண்டுஸ்', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலாவதைத் தொடர்ந்து வருவது, அவ்வளவுதான்.

அதற்கு முன் ஆங்கிலேயர்கள் என்ன சொன்னார்கள்? 'அதர்'! நாம் 'மறுநாள்' என்று சொல்கிறோமே, அதே மாதிரி. ஆனால் 'இரண்டாவது ஆள்', 'வேறொரு ஆள்' இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் குழப்பம்தானே? இரவல் சொல் நிலைத்துவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் என்பதை ஆங்கிலத்தில் 'எவ்ரி அதர் டே' என்பது அந்தப் பழைய வழக்கின் மிச்சம்.

கூட்டத்தில் ஒருவர் கொண்டுவரும் தீர்மானத்தை இன்னொருவர் வழிமொழிவதும் ஆங்கிலத்தில் 'செகண்ட்'தான். அங்கேயும் பின்தொடர்கிற பொருள் அப்படியே இருக்கிறது.

கடிகாரத்துக்குள் நுழைந்த கதை

எதையும் 60 பங்காகப் பிரிக்கும் கணக்கு பாபிலோனியர்களுடையது. அந்த முறையில் மணியை முதல் தடவை 60 ஆகப் பிரித்தால் கிடைப்பது, லத்தீனில் 'முதல் சிறு பகுதி'. அதிலிருந்த 'மினுட்டா', அதாவது 'சிறிய' என்ற சொல்தான் மினிட் ஆனது. அதை மறுபடி 60 ஆகப் பிரித்தால் 'இரண்டாவது சிறு பகுதி'. இங்கே 'சிறு பகுதி' உதிர்ந்து, 'இரண்டாவது' மட்டும் நின்றது. அதுதான் செகண்ட்! மூன்றாவது பிரிவும் ஏட்டில் இருந்தது, புழக்கத்தில் நிற்கவில்லை.

1967 முதல் செகண்டுக்கு மணியைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. சீசியம்-133 அணு வெளியிடும் குறிப்பிட்ட கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிர ஆகும் நேரமே ஒரு செகண்ட். இவ்வளவு துல்லியம் எதுக்கு? உங்கள் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யத்தான். செயற்கைக்கோள் கடிகாரம் ஒரு செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே, தூரக் கணக்கில் சுமார் 30 சென்டிமீட்டர் தவறும்.

நொடியைக் குறிக்க நாம் எழுதும் 'விநாடி'யும் இதே 60 கணக்குதான். ஆனால் அது பிரித்தது மணியை அல்ல, 24 நிமிட நாழிகையை. அதனால் பழைய கணக்கில் ஒரு விநாடி என்பது இன்றைய 24 செகண்ட்.