ஆணை குறியாத நான்காம் பொருள்

வீட்டிற் பியர் ஆக்குவோர்க்கு வாற்கோதுமை, ஹொப் பூ, நீர், மதுவம் என்னும் நான்கும் அடிப்படைப் பொருள்களாம். ஆயின், 1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ஜேர்மனியின் பவேரியாவை ஆண்ட கோமக்கள் நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் இங்கோல்ஸ்ரட் நகரிற் பிறப்பித்த ஆணை, முதல் மூன்றனையுமே அனுமதித்தது, மதுவத்தைக் குறிப்பிடவில்லை.

முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைக்க, அதன் மாப்பொருள் வெல்லமாகின்றது. ஹொப் பூ கசப்பூட்டுவதோடு பானத்தைக் கெடாமலுங் காக்கின்றது. வெல்லத்தை அற்ககோலாக மாற்றுவதோ மதுவமே.

அவ்வாறாயின் அக்காலத்தார் மதுவமின்றியா பியர் ஆக்கினர்? அன்று. ஒருமுறை எழுந்த நுரையையும் அடியிற் படிந்த மண்டியையும் பேணி மறுமுறைக்கு இட்டனர். கையாளத் தெரிந்திருந்தும், அஃது உயிருள்ளதென்பதை அவர் அறிந்திலர். நொதித்தல் உயிர்களின் செயலே என்பதை லூயி பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டில் நிறுவினார். பியர் பற்றிய அவரது நூல் 1876இல் வெளிவந்தது. 1883இல் கொப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்ரியன் ஹன்சன் தூய மதுவ வளர்ப்பைப் பெற்றார்.

அரச ஆணையை மட்டும் ஆதாரமாகக் கொள்ளும் வரலாற்று மாணவன் மூன்று பொருள்களையே காண்பான். நான்காவதைக் காண அவன் அடுக்களைக்குள்ளும் புகுதல் வேண்டும். பெயர் பெறாத உழைப்பின் வரலாறும் பெரும்பாலும் அங்கேயே உறைகின்றது.