நரேனை நிறுத்தியது யார்?

குற்றாலம் மெயினருவிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. சாரல் காலத்தில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றபடியே குடிக்க வேண்டும். கடைக்கார அண்ணாச்சிக்குக் கார் பந்தயம் என்றால் உயிர். டீ ஆற்றிக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "அமெரிக்காவுல நம்ம நரேன் மூணாவது வந்திருக்க வேண்டியது தம்பி. வயர்லெஸ்ல கூப்பிட்டு, 'முன்னால போறவன முந்தாத'ன்னு டீமே சொல்லிட்டானுவ. அதாம் நாலாவது. தெரியும்லா?"

எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வதந்தி எங்கிருந்து புறப்பட்டது என்று தேடிப் போவது என் தொழில், கொஞ்சம் நோயும்கூட. அன்றைக்கே தொடங்கிவிட்டேன்.

முதலில் தென்காசி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு மச்சில் பழைய நாளிதழ்களைச் சணல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். 2005 ஜூன் கட்டை இறக்கினோம். கரையான் பாதி, நாளிதழ் பாதி. தென்காசி அப்போது தனி மாவட்டம் இல்லை. அதற்கு 2019 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெல்லைச் செய்திகளுக்கு நடுவேதான் குற்றாலத்தின் சீசனும் கிடந்தது. அண்ணாச்சி சொன்ன ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது 2005 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. இண்டியானாபோலிஸில் கார்கள் கிளம்பியபோது இங்கே நள்ளிரவை ஒட்டிய நேரம். திங்கட்கிழமைத் தாளில் ஒன்றும் இல்லை. அச்சு எப்போதோ முடிந்திருக்கும். செவ்வாய்க்கிழமைத் தாளில், விளையாட்டுப் பக்கத்தின் அடியில், கட்டை விரல் அகலத்தில் ஒரு செய்தி: நரேன் கார்த்திகேயனுக்கு நான்காம் இடம். மூன்றாவது வந்தவர் யார் என்ற தகவல்கூட அதில் இல்லை.

அந்த விடுபட்ட பெயர்தான் எனக்கு முதல் துப்பு. மூன்றாவது வந்தவர் தியாகோ மொன்டெய்ரோ. போர்ச்சுகல்காரர். நரேனைப் போலவே ஜோர்டான் அணி, அதே மஞ்சள் கார், அதே எஞ்சின், ஃபார்முலா ஒன்னில் அவருக்கும் அதுதான் முதல் ஆண்டு. ஆக, அண்ணாச்சி சொன்ன 'முன்னால போறவன்' வேற்றாள் இல்லை, பக்கத்துக் கொட்டகைக்காரர்.

சக அணிக்காரர்களுக்குள் வரும் இந்தப் பகை மற்ற விளையாட்டுகளில் அரிது. ஓட்டுநர் எதிரணிக்காரரிடம் தோற்றால் 'அவன் கார் வேகம்' என்று சொல்லித் தப்பிக்கலாம். சக அணிக்காரரிடம் தோற்றால் சாக்குக்கு இடமில்லை. இருவர் கையிலும் ஒரே கார். அதனால்தான் பந்தயக்காரர்கள் முடிவுத் தாளைப் பார்த்தவுடன் முதலில் தேடுவது தம் பெயரை அல்ல, தம் கூட்டாளியின் பெயரை. அணிக்கோ வேறு கணக்கு. இருவர் எடுக்கும் புள்ளிகளும் ஒரே உண்டியலில் விழுகின்றன, அந்த உண்டியலை வைத்துத்தான் ஆண்டு முடிவில் பரிசுப் பணம். இரண்டு கார்களும் உரசிக்கொண்டால் உண்டியலே உடைகிறது. 'முந்தாதே' என்ற சொல் பிறப்பது அந்தப் பயத்தில்தான்.

இனி தாளுக்கு வருவோம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் டொயோட்டா ஓட்டிய ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் பழுதாகி, சாய்வான 13-ஆம் வளைவில் கார் சுவரில் மோதியது. (இந்த ரால்ஃபைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) தன் டயர்கள் அந்த வளைவைத் தாங்கும் என்று மிச்சலின் நிறுவனத்தால் உறுதி சொல்ல முடியவில்லை. ஞாயிறன்று அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிச்சலின் போட்ட 14 கார்களும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. எஞ்சியவை பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு: ஃபெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. கூட்டம் கூச்சல் போட்டது.

கிரிட் எனும் தொடக்க வரிசையில் இந்த ஆறு பேர் நின்ற இடங்களையும் முடித்த இடங்களையும் ஒரு காகிதத்தில் எதிரெதிரே எழுதினேன். மைக்கேல் ஷூமாக்கர் 5, பாரிக்கெல்லோ 7, மொன்டெய்ரோ 17, மினார்டியின் ஆல்பர்ஸ் 18, நரேன் 19, ஃப்ரீசாக்கர் 20. இவர்கள் முடித்த வரிசை: ஷூமாக்கர், பாரிக்கெல்லோ, மொன்டெய்ரோ, நரேன், ஆல்பர்ஸ், ஃப்ரீசாக்கர். 73 சுற்றுப் பந்தயத்தில், தொடக்க வரிசைக்கும் முடிவு வரிசைக்கும் இடையே ஒரே ஒரு மாற்றம்: நரேன் ஆல்பர்ஸைத் தாண்டியிருக்கிறார். மொன்டெய்ரோ கிளம்பும்போதே நரேனுக்கு முன்னால்தான் நின்றார், முன்னாலேயே முடித்தார். இதற்கு வயர்லெஸ் சதி தேவையில்லை. அதோடு, பந்தய முடிவை மாற்றும் அணி உத்தரவுகளுக்கு அந்த ஆண்டில் விதிப்படியே தடை இருந்தது.

தடைக்குக் காரணம் ஃபெராரி. 2002 மே மாதம் ஆஸ்திரியாவில், முன்னிலையில் வந்துகொண்டிருந்த பாரிக்கெல்லோ அணி சொன்னபடி கோட்டுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து ஷூமாக்கருக்கு வெற்றியைக் கொடுத்தார். மேடையில் வெட்கப்பட்ட ஷூமாக்கர், பாரிக்கெல்லோவை முதல் படியில் ஏற்றினார். அந்த மேடைக் கூத்துக்காகத்தான் பத்து லட்சம் டாலர் அபராதம். 2003 முதல் உத்தரவுகளுக்குத் தடை வந்தது. இண்டியானாபோலிஸிலும் இதே இருவர் 51-ஆம் சுற்றில் நெருங்கினார்கள். பிட்டிலிருந்து வெளியே வந்த ஷூமாக்கர் இடம் விடாததால் பாரிக்கெல்லோ புல்லுக்குள் இறங்கினார்.

அப்படியானால் அண்ணாச்சி எதைக் கேட்டார்? 'வயர்லெஸ்ல கூப்பிட்டு, முந்தாதன்னு' என்ற சொற்கள் அத்தனை திருத்தமாக இருக்கின்றன. சும்மா கட்டியவர் இப்படிக் கட்டமாட்டார். எங்கோ நடந்திருக்கிறது, வேறு யாருக்கோ. நரேனை விட்டுவிட்டு, ஜோர்டான் அணியின் பழைய தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினேன்.

கிடைத்தது 1998 ஆகஸ்ட் 30-இல். பெல்ஜியம், ஸ்பா. கொட்டும் மழை. தொடக்கத்திலேயே பாதிக்கு மேல் கார்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்ற பந்தயம். கடைசிச் சுற்றுகளில் முதலிடத்தில் டேமன் ஹில், இரண்டாவதில் அவருடைய சக அணிக்காரர். இரண்டும் ஜோர்டான். இரண்டும் மஞ்சள். ஹில் ரேடியோவில் அணியை எச்சரித்தார்: நாங்கள் இருவரும் மோதிக்கொண்டால் உங்களுக்கு ஒன்றுமே மிஞ்சாது. 1991 முதல் ஒரு வெற்றிகூடக் காணாத அணி உரிமையாளர் எடி ஜோர்டான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. பின்னால் வந்தவருக்கு உத்தரவு போனது: முந்தாதே. ஹில் முதல், மற்றவர் இரண்டாவது, ஜோர்டானுக்கு முதல் வெற்றி. கையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்த அந்த மற்றவரின் பெயர் ரால்ஃப் ஷூமாக்கர். அடுத்த ஆண்டே அவர் வில்லியம்ஸ் அணிக்குப் போய்விட்டார்.

என் முடிவு இது: ஏழு ஆண்டு இடைவெளியில் இரண்டு கதைகள் ஒன்றாகிவிட்டன. அதே அணி, அதே மஞ்சள், இரண்டிலும் ரால்ஃப் என்ற பெயர். ஒன்றில் டயரால் பந்தயத்தையே குலைத்தவர், மற்றொன்றில் பின்னால் நிறுத்தப்பட்டவர். நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது நிறுத்தப்பட்டவரின் இருக்கையில் நரேன் உட்கார்ந்துவிட்டார். நம்மவர் தோற்றால் யாரோ தடுத்திருக்க வேண்டும் என்று நினைப்பது நமக்கு வசதியாகவும் இருக்கிறது.

நரேன் உண்மையில் எதை இழந்தார் என்பதற்கு அந்த ஆண்டின் மற்றத் தாள்களைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு பந்தயங்களிலும், மெல்போர்னில் 15-ஆவது, மலேசியாவில் 11-ஆவது என்று, மொன்டெய்ரோவுக்கு ஓரிடம் முன்னால் முடித்தவர் நரேன்தான். ஆனால் மொன்டெய்ரோ 19 பந்தயங்களில் 18-ஐ முடித்தார். வேகத்தை விட, காரைப் பத்திரமாக வீடு சேர்ப்பது ஏழை அணியில் பெரிய தகுதி. ஆண்டு முடிவில் புள்ளிகள் 7-க்கு 5. அணியை வாங்கியிருந்த மிட்லேண்ட், 2006-க்கு மொன்டெய்ரோவை வைத்துக்கொண்டது. பக்கத்து இருக்கை யாருக்கு? நரேன் இண்டியானாபோலிஸில் தாண்டிய அதே ஆல்பர்ஸுக்கு. நரேன் வில்லியம்ஸில் சோதனை ஓட்டுநரானார்.

சிறிய அணிகளில் சக அணிக்காரருடன் சண்டை பாதையில் நடப்பதில்லை, இருக்கைக்காக நடக்கிறது. சென்னையின் கருண் சந்தோக் 2010-இல் எச்ஆர்டி அணியில் புரூனோ சென்னாவுடன் ஓட்டினார். ஆண்டின் நடுவில் அவர் இருக்கை சகோன் யாமமோட்டோவுக்குப் போனது. மறு ஆண்டு அதே அணியில் நரேன். அவர் இருக்கையும் பாதியில் டேனியல் ரிக்கியார்டோ என்ற இளைஞருக்குப் போனது. 2011 அக்டோபர் 30-இல், இந்தியாவின் முதல் கிராண்ட் பிரீக்காக மட்டும் நரேனை மறுபடி காரில் உட்காரவைத்தார்கள், ரிக்கியார்டோவுக்குப் பக்கத்தில். நரேன் 17-ஆவது, ரிக்கியார்டோ 18-ஆவது. பிற்பாடு எட்டு கிராண்ட் பிரீ வென்றவர் அந்த ரிக்கியார்டோ. எல்லோரும் கொண்டாடுவது அமெரிக்காவின் நான்காம் இடத்தை. என்னைக் கேட்டால், இந்தியாவின் பதினேழாம் இடம் அதைவிடக் கனமானது.

ஜோர்டானின் தொழிற்சாலை கைமாறிக் கைமாறி 2008-இல் விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா ஆனது. 2017-இல் அங்கே பெரெஸ், ஓகான் என்று இருவர். பாகுவில் உரசினார்கள், அணி பொறுத்தது. ஆகஸ்டில் ஒரே பந்தயத்தில் இரண்டு முறை மோதினார்கள். இனி உங்கள் இஷ்டத்துக்கு ஒருவரோடு ஒருவர் போட்டி போட முடியாது என்று அணி கையைக் கட்டிவிட்டது. உத்தரவுகளுக்கான தடை 2011-லேயே நீங்கியிருந்ததால் ஒளித்துச் சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த இரட்டை மோதல் நடந்த இடம் ஸ்பா.

அந்த ஆண்டு அணிகளுக்கான பட்டியலில் ஃபோர்ஸ் இந்தியாவுக்கு நான்காம் இடம். இந்த இலக்கம் நம்மை விடமாட்டேன் என்கிறது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். மெயினருவியில் ஆர்ச்சைத் தொட்டுத் தண்ணீர் விழுந்ததால் குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊதி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். கடையில் நல்ல கூட்டம். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு வரிசையையும் விரல் வைத்துப் படித்தார். 19-இல் கொஞ்ச நேரம் விரல் நின்றது.

"அப்ப நிறுத்துனது நம்ம பயல இல்ல."

"இல்ல அண்ணாச்சி. அது ஸ்பாவுல, ரால்ஃப."

"அங்க அன்னைக்கி நல்ல மழையோ?"

"கொட்டுற மழை."

"அந்த மழையில முந்தக் கூடாதுதான்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை நனையாமல் சீனி டப்பாவுக்கு அடியில் செருகினார்.