சாவி கொடுத்த காலம்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பார்கள். நாளுக்குப் படி இருந்தது. நிமிஷக் கணக்கு எங்களூருக்கு ரயிலோடு வந்தது. அன்றைய மெட்ராஸ் நேரம், 1906-ல் வந்த இந்திய நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிஷம் பின்தங்கியது.

அந்த நிமிஷத்தை எங்கள் கூடத்துக்குள் கொண்டுவந்தது யுங்ஹான்ஸ் சுவர்க் கடிகாரம். எட்டு முனை நட்சத்திரத்துக்குள் ‘ஜே’ எழுத்து. தாத்தா வாயில் அது ‘ஜங்கான்ஸ்’. “ஞாயித்துக்கெழம சாவி குடுத்தியாடா?” என்பார்.

இதை ஜெர்மன் கைத்திறன் என்று மெச்சுகிறோம். வரலாறு வேறு மாதிரி. தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காட்டு மலைகளில் குடியானவர்கள் வீட்டிலேயே மரச்சக்கரம் செதுக்கிக் கடிகாரம் செய்தார்கள். அமெரிக்காவின் மலிவான ஆலைக் கடிகாரங்கள் அந்தத் தொழிலை நெருக்கின. 1861-ல் ஷ்ராம்பெர்க்கில் தொழில் தொடங்கிய எர்ஹார்ட் யுங்ஹான்ஸ் அமெரிக்க முறையையே கைக்கொண்டார்: இயந்திரத்தில் வெட்டிய, மாற்றிப் பொருத்தக்கூடிய உதிரிகள். 1903-ல் சுமார் 3,000 பேர் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு மேல் கடிகாரங்கள் செய்தார்கள். அப்போது உலகின் மிகப் பெரிய கடிகார நிறுவனம் அதுதான். சாதாரணக் குடும்பமும் வாங்க முடிந்ததே அதன் பெருமை என்பேன்.

கைத்தொழிலை ஆலை வென்றதுபோல் 1970-களில் சாவிக் கடிகாரத்தை குவார்ட்ஸ் வென்றது. “ஸ்ப்ரிங் கெடைக்காதுங்க, பேட்டரி மெஷின் மாட்டிடலாம்” என்கிறார் ரிப்பேர்க்காரர். மாட்டினால் நேரம் இன்னும் சரியாகக் காட்டும். ஆனால், ஞாயிற்றுக்கிழமை யாரும் அதன் கதவைத் திறக்க வேண்டியிராது. பெட்டி மட்டும் மிஞ்சும். வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.