இடம் கிடைக்குமா? - பொருளாதாரப் படிப்பும் கட்-ஆஃப் கணக்கும்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் ஒரு கேள்வி நிச்சயம் காதில் விழும். "இந்த மார்க்குக்கு இடம் கிடைக்குமா?" கேட்பவர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் அப்பாவாக இருக்கலாம். பதில் சொல்பவர் பக்கத்து வீட்டு அண்ணனாக இருக்கலாம். அவரிடம் இருப்பது போன வருடக் கட்-ஆஃப் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு அவர் "கிடைக்கும்" என்றோ "கஷ்டம்" என்றோ சொல்லிவிடுவார்.

எஞ்சினியரிங், மருத்துவம் என்றால் இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல ஊரில் நான்கு பேராவது இருப்பார்கள். பொருளாதாரம் படிக்க வேண்டும், அதுவும் டெல்லி போன்ற இடத்தில் படிக்க வேண்டும் என்று ஒரு மாணவர் சொன்னால் கணக்குப் போட ஆளே இருக்காது. இத்தனைக்கும் இந்தக் கணக்கு நூறு வருடங்களாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எப்படி மாறியது என்று பார்த்தால்தான் வாய்ப்பை எடைபோடுவது என்றால் என்ன என்பது புரியும்.

முதலில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். திருத்தணியில் 1888-ல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தார். ஆசைப்பட்டு எடுத்த பாடம் அல்ல அது. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன்னுடைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம் என்பதால் அந்தப் பாடத்தையே எடுத்தார் என்று சொல்வார்கள். கல்லூரி வாசலை எட்டியவர்களே மிகக் குறைவாக இருந்த காலம் அது. மெட்ரிகுலேஷன் தேறுவதும், பட்டணத்தில் தங்கிப் படிக்கப் பணம் திரட்டுவதும்தான் பெரிய தடைகள். அவற்றைத் தாண்டியவர் எந்தப் பாடம் படிப்பார் என்பதைக் கையில் இருக்கும் புத்தகம்கூட முடிவு செய்தது.

பொருளாதாரம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தனக்கென ஒரு பேராசிரியரைப் பெற்றது 1915-ல். கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். தொழிலாளர்கள் படிப்பதற்காக 1899-ல் தொடங்கிய கல்லூரி அது. சென்னைக்கு வந்த ஸ்லேட்டர் தன் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கே அனுப்பி, நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவரச் சொன்னார். அந்த ஆய்வுகள் 1918-ல் தென்னிந்திய கிராமங்களைப் பற்றிய ஒரு தொகுப்பாக வெளிவந்தன. ஆக, இந்த மண்ணில் பொருளாதாரப் பாடம் வேரூன்றிய நாட்களில், கிராமத்திலிருந்து வந்தவன் என்பது ஒரு குறையாக இருக்கவில்லை. அதுவே அவனுடைய மூலதனமாக இருந்தது!

ஆனால் அந்த வகுப்பறைக்குள் யார் போக முடிந்தது என்பது வேறு கதை. சென்னை மாகாணத்தில் அரசு வேலைகளுக்காக 1920-களில் வந்த வகுப்புவாரி உத்தரவின் முறை பிறகு அரசு மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் சேர்க்கைக்கும் வந்தது. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்தார்கள். 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உத்தரவு செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, கல்வியில் இட ஒதுக்கீட்டுக்கு வழி செய்தது. இன்று தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் 69 சதவீதம் வரை வந்த பாதை அங்கிருந்துதான் திறந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1951-க்குப் பிறகு "மொத்தம் எத்தனை இடம்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "என் வரிசையில் எத்தனை இடம், அந்த வரிசையில் எனக்கு முன்னால் எத்தனை பேர்?" என்று கேட்க வேண்டும். இன்றும் பலர் பொதுப்பிரிவுக் கட்-ஆஃப்பை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் 1978-ல் வந்தது. அதுவரை பள்ளி முடித்தவர்கள் கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி. படித்துவிட்டு டிகிரிக்குப் போனார்கள். அந்த ஆண்டில் பி.யு.சி. போய் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கூடத்துக்கே வந்தது. கிராமப்புற மாணவர்களுக்கு இது பெரிய உதவி. சொந்த ஊரிலேயே கூடுதலாகப் படிக்கலாம். ஆனால் இன்னொன்றும் நடந்தது. எந்தப் பட்டம் படிக்க முடியும் என்ற முடிவு பதினைந்து வயதுக்கு, பிளஸ் ஒன் சேரும் நாளுக்கு இறங்கி வந்துவிட்டது. வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல் மூன்றும் எடுத்த மாணவர், நான்காவதாக வணிகக் கணிதம் எடுக்கிறாரா, கணினிப் பயன்பாடுகள் எடுக்கிறாரா? பள்ளியில் எந்த குரூப் இருக்கிறதோ, எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அதை எடுக்கிறார். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் கட்டாயம் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியவருகிறது. அப்போது 600-க்கு 590 வாங்கியிருந்தாலும் பயன் இல்லை. ராதாகிருஷ்ணனுக்கு உறவினரின் புத்தகம் செய்ததை, இன்றைய மாணவருக்குப் பள்ளியின் குரூப் செய்கிறது.

சரி, கணிதமும் இருக்கிறது, மதிப்பெண்ணும் இருக்கிறது. ஒரு தேர்வின் மதிப்பெண்ணை இன்னொரு தேர்வின் மதிப்பெண்ணோடு எப்படி ஒப்பிடுவது? இந்தக் கேள்வி தமிழர்களுக்குப் புதிது அல்ல. கும்மிடிப்பூண்டியில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் வயதானவர்களைக் கேட்டால் "தரப்படுத்தல்" என்ற சொல்லைச் சொல்வார்கள். இலங்கையில் 1971-ல் மருத்துவப் படிப்புக்குச் சிங்கள மொழியில் தேர்வு எழுதியவர் 400-க்கு 229 எடுத்தால் போதும், தமிழில் எழுதியவர் 250 எடுக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. பிறகு 1973-ல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974-ல் மாவட்டவாரி ஒதுக்கீடும் வந்தன. படித்தால் போதும் என்று நம்பியிருந்த ஒரு தலைமுறையின் நம்பிக்கை உடைந்தது. அதன்பின் நடந்தவை எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண்ணைத் திருத்தும் சூத்திரம் வெறும் கணக்கு அல்ல என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் கிடையாது.

டெல்லியில் இதற்கு நேர் எதிராக நடந்தது. அங்கே எந்த வாரியத்தின் மதிப்பெண்ணையும் திருத்தவே இல்லை. தமிழ்நாட்டு வாரியத்தில் 95 சதவீதமும் சி.பி.எஸ்.இ.யில் 95 சதவீதமும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டார்கள். கல்லூரிகள் கட்-ஆஃப்பை முன்கூட்டியே அறிவிக்கும். அதைத் தொட்ட அத்தனை பேருக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். ஆகவே எத்தனை பேர் வருவார்கள் என்று கல்லூரியும் குத்துமதிப்பாகத்தான் கணக்குப் போட்டது. கூட்டம் அதிகமாகிவிடுமோ என்ற பயத்தில் கட்-ஆஃப் ஏறிக்கொண்டே போனது. 2011-ல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் படிக்காதவர்களுக்கு பி.காம். ஆனர்ஸ் முதல் பட்டியலில் 100 சதவீதம் கேட்டது. நாடே சிரித்தது, கோபப்பட்டது. 2021-ல் அதே கல்லூரி பொருளாதாரத்துக்கும் 100 சதவீதம் என்று அறிவித்தபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை!

இந்த முறையில் தமிழ்நாட்டு வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு நல்ல காலம் வாய்த்தது. அப்போதைய 1200 மதிப்பெண் முறையில் ஒரு பாடத்துக்கு 200. வணிகவியல், கணக்குப் பதிவியல், வணிகக் கணிதம் மூன்றிலும் 200 வாங்கி, ஆங்கிலத்தில் 190 வாங்கினால் நான்கு பாடத்தில் 800-க்கு 790. அதாவது 98.75 சதவீதம். இப்படிப்பட்ட மாணவர்கள் 2016-ல் ஸ்ரீராம் கல்லூரியின் பி.காம். இடங்களுக்குப் பெரிய எண்ணிக்கையில் போனது டெல்லியில் செய்தியானது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ரயிலில் ஏறியவர்கள் எல்லோரையும்விட அதிகம் படித்தவர்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. டெல்லியில் நான்கு பாடம்தான் எண்ணப்படும் என்ற செய்தி எட்டிய பள்ளிகளில் படித்தவர்கள் அவர்கள். அதே மதிப்பெண் எடுத்தும் அந்தச் செய்தி எட்டாதவர்களின் எண்ணிக்கை எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

2022-ல் ஆட்டமே மாறியது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு வந்தது. முதல் வருடமே ஏறக்குறைய 15 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். டெல்லியில் பிளஸ் டூ மதிப்பெண் வெறும் தகுதியாகச் சுருங்கியது. தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்றாலும் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்தை ஒட்டியவை. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று 2022 ஏப்ரல் 11 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் இந்தத் தேர்வுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. பல ஷிஃப்டுகளில் தேர்வு நடப்பதால் மதிப்பெண்ணைச் சமன்படுத்தும் சூத்திரமும் கூடவே வந்தது. முதல் வருடம் ஒரு பாடத்துக்கு 200, நான்கு பாடத்துக்கு 800. 2025-ல் ஒரு பாடத்துக்கு 250 ஆகி மொத்தம் 1000 ஆனது. 800-க்கு வாங்கிய கட்-ஆஃப்பை 1000-க்கு எழுதும் மாணவரிடம் சொன்னால் என்ன பயன்?

இதற்கிடையே வீட்டுப் பக்கமும் வழி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பொன்னேரியிலும் திருத்தணியிலும் அரசுக் கலைக் கல்லூரிகள் உள்ளன. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு நுழைவுத்தேர்வு இல்லை. பிளஸ் டூவில் மொழிப்பாடங்கள் போக மீதி நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். 2020 முதல் விண்ணப்பம் இணையத்தில். டெல்லிக்கு ஆங்கில மதிப்பெண் உதவிய காலத்திலும் இங்கே மொழிப்பாடம் எண்ணப்படவில்லை. ஒரே மாணவர், ஒரே மதிப்பெண் பட்டியல், ஆனால் கதவுக்குக் கதவு வேறு எண்!

இத்தனை வருட வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. கட்-ஆஃப் என்பது பெரும்பாலும் போன வருடம் கடைசியாக உள்ளே போனவரின் மதிப்பெண். அது ஒரு விளைவு, விதி அல்ல. விதி வேறு இடத்தில் இருக்கிறது. எதை எண்ணுகிறார்கள்? யாரோடு ஒப்பிடுகிறார்கள்? அந்த வரிசையில் எத்தனை இடம்? இந்த மூன்றுக்கும் இந்த வருடத்துப் பதில் தெரிந்தவர் தன் வாய்ப்பை ஓரளவு சரியாகக் கணிக்கலாம். தெரியாதவர் நல்ல மதிப்பெண் வைத்துக்கொண்டே வெளியே நிற்பார். 1915-ல் கிராமத்து மாணவரின் அனுபவத்தைத் தேடிப் போனது பொருளாதாரம். இன்று அதே மாணவர் பொருளாதாரத்தைத் தேடிப் போகிறார். அவருக்கு முதலில் போய்ச் சேர வேண்டியது போன வருடக் கட்-ஆஃப் அல்ல, பிளஸ் ஒன் சேரும் நாளன்று "கணக்கு இருக்கிற குரூப்பா எடு" என்று சொல்லும் ஒரு குரல். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் காசு பணம் எதுவும் தேவையில்லை. மின்சார ரயிலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் அண்ணனே சொல்லலாம்.