மீசை வைத்த மாணவிகள்

இம்மலருக்காகப் பழைய படங்களைத் தேடியபோது பாடசாலை அலுமாரியின் அடித்தட்டில் ஒன்று கிடைத்தது. அரிச்சந்திரன் நாடகம். அரிச்சந்திரன், விசுவாமித்திரர், சந்திரமதி, லோகிதாசன் எல்லோரும் எமது மாணவிகளே. அரிச்சந்திரனுக்குக் கரியால் கீறிய மீசை. ஒரு பக்கம் கலைந்திருக்கிறது. படத்தின் பின்புறத்தில் ஆண்டும் இல்லை, பெயர்களும் இல்லை.

அக்கால நாடக மேடையை அறிந்தவர்களுக்கே இப்படத்தின் அருமை விளங்கும். வெளியே நிலைமை நேர்மாறாக இருந்தது. கூத்துக் களரியில் அண்ணாவியார் பழக்கியது ஆண்களையே; பெண் வேடத்தையும் அவர்களே கட்டினர். கலையரசு க. சொர்ணலிங்கம் 1913இல் கொழும்பில் தொடங்கிய இலங்கை சுபோத விலாச சபையிலும் படித்த ஆண்களே சேலை உடுத்தனர். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்து அழுத எங்கள் பாட்டிமார், சந்திரமதியாக வந்தவர் ஓர் ஆண் என்பதை அறிந்தே அழுதார்கள். இந்தியாவிலிருந்து வந்த நாடகக் கம்பனிகளில் நடிகைகள் இருந்தனர். ஆனால் அவர்களைப் பற்றி நம் வீடுகளில் பேசிய தொனியே மகள்மாரை மேடையிலிருந்து விலக்கி வைக்கப் போதுமாக இருந்தது.

ஆகவே, நடிக்க ஆசைப்பட்ட பெண்பிள்ளைக்கு முதற்படி பெண்கள் பாடசாலை மண்டபந்தான். பார்ப்பவர்கள் அம்மாமாரும் ஆசிரியைகளும் என்பதால் வீட்டில் தடை குறைவு. ஆண்களே இல்லாத இடமாதலால் எல்லா வேடங்களும் எங்களுக்கே. உயரமும் தடித்த குரலும் உள்ளவளுக்கு அரச வேடம். மற்றவர்கள் தோழி, காவலாளி என்று தொடங்குவார்கள். நான் இரண்டு வருடம் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் வருடம் காவலாளிக்குக் காய்ச்சல் வந்ததால் ஈட்டி என் கைக்கு வந்தது. ஒலிவாங்கி கிடையாது. ஒத்திகையின்போது ஆசிரியை கடைசி வாங்கிலே போய் இருந்துகொண்டு, "கேக்கேல்லை, திருப்பிச் சொல்லு பிள்ளை" என்பார். எனக்கு இருந்ததோ ஒரேயொரு வசனம். அதைப் பதினைந்து தரமாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

சோதனை எழுதிப் பாடசாலையை விட்டதும் அநேகருக்கு நடிப்பும் முடிந்துவிடும். எங்கள் வகுப்பில் மிக நன்றாக நடித்தவள் அதன்பின் ஒரு மேடையிலும் ஏறவில்லை. அவளிடம் யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

அந்தக் கதவைச் சற்றுத் திறந்தது இலங்கை வானொலி. வானொலி நாடகத்துக்குப் பெண் குரல் வேண்டும், முகம் வேண்டியதில்லை. வீட்டாரின் மனம் இளகியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். இளவயதிலேயே வானொலி நாடகத்துக்கு வந்து, பின்னர் அறிவிப்பாளராகப் புகழ்பெற்ற ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலை அறியாத தமிழ் வீடு இந்நாட்டில் இருந்திராது. ஆனால் மண்டபத்தில் பழகியது அங்கே அப்படியே உதவாது. கடைசி வாங்குவரை எறிந்த குரலை அடக்க வேண்டும். தாள் சரசரக்காமல் புரட்ட வேண்டும். தூரத்தில் நின்று பேசுவதாகக் காட்ட ஒலிவாங்கியை விட்டு விலக வேண்டும். செந்தமிழ் வசனத்தில் ஊறியவர்களுக்கு, வீட்டில் பேசுகிற தமிழைப் பேசிக் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

1978இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய பின், நடிப்பு முறையாகப் பயின்றுகொள்ள வேண்டிய கலை என்ற எண்ணம் வேரூன்றியது. அதே ஆண்டு உருவான தமிழ் அவைக்காற்றுக் கலைக் கழகம், லோர்காவின் நாடகத்தை 'ஒரு பாலை வீடு' என மேடையேற்றியது. அதில் வரும் பாத்திரங்கள் அனைவரும் பெண்கள். அக்கழகத்தின் ஆனந்தராணி பாலேந்திரா பிற்பாடு இலண்டனிலும் தொடர்ந்து நடித்தார். இன்று 'நாடகமும் அரங்கியலும்' உயர்தரத்தில் ஒரு பாடம். எங்கள் பேத்திமார் அதைப் படித்துப் பல்கலைக்கழகம் போகிறார்கள். மீசை வைக்காமலே மேடையேறுகிறார்கள்.

அந்தப் படம் இம்மலரில் அச்சாகிறது. எந்த நாட்டிலிருந்து இதைப் புரட்டினாலும் சரி, அரிச்சந்திரன் யாரென்று தெரிந்தவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள். வலது ஓரத்தில் ஈட்டியைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் காவலாளி யாரென்று கேட்க வேண்டாம். அது நான்தான்.